விழாத பீம் ஏன் தொங்கிக்கொண்டே போகிறது? நிலைச்சுமையும் திரும்பத் திரும்ப விழும் அடியும்

#1 முனைப்புள்ளி

வணக்கம். ஒரு வாரமாக மண்டையைக் குடையும் விஷயம் இது. இரண்டு சம ஸ்பேன் (இரு தாங்கிகளுக்கு இடைப்பட்ட பகுதி) கொண்ட தொடர் எஃகு பீம், மூன்று தாங்கிகள். இடது ஸ்பேனின் நடுவில் ஒரு தொட்டி நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. கிரேன் கொண்டுவரும் கம்பிக் கட்டுகளை இரண்டு ஸ்பேன்களின் நடுவிலும் இறக்குவார்கள், பிறகு எடுப்பார்கள். எந்தப் பக்கம் எப்போது என்று ஒழுங்கு எதுவும் கிடையாது.

பீமின் முழு பிளாஸ்டிக் மொமெண்டை, அதாவது அதன் குறுக்குவெட்டு தாங்கும் உச்ச வளைவு மொமெண்டை, ஸ்பேன் நீளத்தால் வகுத்தால் வருவதை 1 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி 1.5, ஒரு கட்டு 2. சட்டென்று வைத்த சுமை இரட்டிப்பாக உறைக்கும் என்பதால் கட்டை 4 என்று எடுத்தேன். இடது ஸ்பேனில் மொத்தம் 5.5. அந்த ஸ்பேன் மடிந்து விழ 6 வேண்டும். உச்ச அடியை வைத்துப் பார்த்தாலும் 9 விழுக்காடு மிச்சம் இருக்கிறது.

ஆனால் 50 கட்டுக்கு ஒருமுறை, கட்டு எதுவும் இல்லாதபோது நடுத்தொய்வை அளந்தால் 3.1, 4.0, 4.8, 5.7 மி.மீ. என்று போகிறது. விழாது என்று கணக்கு சொல்கிறது, பீமோ தொங்கிக்கொண்டே போகிறது. எங்கே தவறு?

#2 சுத்தியல்

தாங்கி இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் போல்ட் தளர்ந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பாதிப் பிரச்சினைகள் அங்கேதான்.

#3 முனைப்புள்ளி

பார்த்துவிட்டேன் அண்ணா. தாங்கிகளின் மட்டம் மாறவில்லை, போல்ட் எல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கின்றன. பீமே வளைந்திருக்கிறது. இடது நடுவிலும் நடுத்தாங்கிக்கு மேலும் பெயிண்ட் உதிர்ந்து கோடுகள் தெரிகின்றன.

#4 பழைய_கால்குலேட்டர்

அந்தப் பெயிண்ட் கோடுகளில் பாதிப் பதில் இருக்கிறது. இரண்டு இடங்கள் யீல்டு ஆகியிருக்கின்றன, அதாவது திரும்பி வராத அளவுக்கு வளைந்திருக்கின்றன. நீங்கள் போட்டது சரிவுக் கணக்கு. சுமை ஒரே தடவை வந்து, எல்லா பிளாஸ்டிக் கீல்களும் (முழுக்க யீல்டு ஆகி, கதவுக் கீல் போல மடியும் இடங்கள்) ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்லும். உங்கள் பீமில் கீல்கள் சேர்ந்து திறப்பதில்லை, முறை வைத்துத் திறக்கின்றன.

படிப்படியாகப் பாருங்கள். இடது பக்கம் மட்டும் அடி விழுந்தால் நடுப்புள்ளியின் மீட்சி மொமெண்ட் (யீல்டே ஆகாது என்று வைத்தால் வருவது) 13/64 × 5.5, அதாவது 1.117. பீம் தாங்குவது 1. ஆகவே அங்கே ஒரு சின்னக் கீல் திறந்து மூடுகிறது. கட்டை எடுத்த பிறகு அது சும்மா போவதில்லை. அந்த நடுப்புள்ளியில் −0.117 என்றும், நடுத்தாங்கியில் அதைப் போல இருமடங்கு −0.234 என்றும் எஞ்சிய மொமெண்டை விட்டுவிட்டுப் போகிறது. இந்த எஞ்சியது நல்ல நண்பன். அடுத்த தடவை இடது பக்கம் அதே அடி விழுந்தால் நடுப்புள்ளி 1-ஐத் தாண்டாது.

ஆனால் இடது நடுவில் மிச்சம் பிடித்த கடன் தாங்கியின் தலையில் ஏறியிருக்கிறது. இரண்டு ஸ்பேனிலும் அடி விழும்போது தாங்கியில் 6/64 × 9.5, சுமார் 0.89. அதோடு 0.234 சேர்ந்தால் 1.12. இப்போது தாங்கியில் கீல். அது திறந்தவுடன் எஞ்சிய மொமெண்ட் குறைந்துபோகிறது, நடுப்புள்ளிக்கு இருந்த பாதுகாப்பும் கூடவே போகிறது. திரும்ப இடது அடி, திரும்ப நடுக்கீல். எந்தக் கணத்திலும் சரிவு கிடையாது. ஆனால் சுற்று முடிந்தால் பீம் ஒரு துளி கீழே.

இரண்டு கீல்களும் தாங்கும்படி ஓர் எஞ்சிய மொமெண்ட் கிடைக்குமா என்று தேடினால், அடிச்சுமை 3.79 வரைதான் கிடைக்கிறது. உங்களுடையது 4. எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

(தொட்டியே இல்லாமல் இரண்டு பக்கமும் தனித்தனியாக மாறும் சுமை மட்டும் என்றால் இந்த எல்லை 5.05, சரிவு 6. பாடப்புத்தகங்களில் இந்தப் பீமைத்தான் பிடித்துத் தொங்குவார்கள்.)

#5 எஞ்சியவன்

அண்ணா சொன்ன எல்லைக்கு ஷேக்டவுன் எல்லை என்று பெயர். தமிழில் தகவமைவு என்று எழுதலாம். எனக்கு அது உயிரியல் வகுப்பு மாதிரி ஒலிக்கிறது. ஆடி அடங்குவது என்று நாம் சொல்வதுதான் இது, ஆகவே 'அடங்கல்' என்றே எழுதுகிறேன். அடங்காமல் ஒரே பக்கம் நகர்ந்துகொண்டே போவது ராட்செட்டிங்.

இதற்கான முதல் கணக்கை 1932-இல் ஹான்ஸ் பிளைஹ் போட்டார். 1930-களிலேயே எர்ன்ஸ்ட் மெலான் அதைப் பொதுவான தேற்றமாக்கினார். காலத்தால் மாறாத ஏதாவது ஓர் எஞ்சிய தகைவுப் பரவலை (தகைவு என்றால் பரப்பலகுக்கு விசை) நீங்கள் காட்ட முடிந்து, அது மீட்சித் தகைவோடு சேர்ந்து எங்கேயும் யீல்டைத் தாண்டாமல் இருந்தால் அமைப்பு அடங்கும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அந்த எஞ்சிய தகைவு உண்மையில் எப்படி உருவாகும் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சாத்தியம் என்று காட்டினால் போதும், வழியை அமைப்பு தானே தேடிக்கொள்ளும். 1956-இல் கொய்ட்டர் இதை மறுபக்கத்திலிருந்து, நகர்வு வடிவங்களை வைத்துக் கொடுத்தார். மெலான் வழி கீழ் எல்லை, கொய்ட்டர் வழி மேல் எல்லை.

பீமை விட எளிதாகப் பார்க்க வேண்டுமா? ஒரே மாதிரி இரண்டு கம்பிகள், மேலும் கீழும் சேர்த்துக் கட்டியவை, இரண்டும் ஒரே அளவுதான் நீள முடியும். நிலைச்சுமையால் ஒவ்வொன்றிலும் 150 மெகாபாஸ்கல் இழுவிசைத் தகைவு. யீல்டு 250. முதல் கம்பியை மட்டும் சூடாக்கி ஆற்றுகிறோம். சூட்டில் அது நீளப் பார்க்கும், இரண்டாவது தடுக்கும்.

வெப்பத்தால் வரும் தகைவு ±160 என்று எடுங்கள். சூட்டில் இரண்டாம் கம்பி 310-க்குப் போக வேண்டியது 250-இல் நின்று யீல்டு ஆகும், முதல் கம்பி 50. ஆறியதும் முதல் கம்பி 210, இரண்டாவது 90. இரண்டும் யீல்டுக்குள். அடுத்த சூட்டில் மறுபடி 50, 250. அவ்வளவுதான், அதற்குப் பிறகு காலமெல்லாம் மீட்சிதான். அடங்கிவிட்டது.

இப்போது ±230 என்று எடுங்கள். ஆறும்போது முதல் கம்பி 280 கேட்கும், 250-இல் யீல்டு. மறுபடி சூடு, இரண்டாம் கம்பி யீல்டு. ஒருவர் மாற்றி ஒருவர் நீள்கிறார்கள். மீட்சிக் குணகம் 2,00,000 மெகாபாஸ்கல் என்றால் ஒரு சுற்றுக்கு 0.0003 திரிபு, அதாவது நீளத்தில் அந்தப் பங்கு நீட்சி. ஒரு மீட்டர் கம்பி சுற்றுக்கு 0.3 மி.மீ. வளரும், 100 சுற்றில் 3 செ.மீ. எல்லை சரியாக ±200-இல் இருக்கிறது. நீங்களே போட்டுப் பாருங்கள்.

#6 சுத்தியல்

இவ்வளவு நீளம் எதற்கு? தகைவின் ஏற்ற இறக்க வீச்சு யீல்டின் இருமடங்குக்குள் இருந்தால் அடங்கும். ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) அழுத்தக்கல விதியில் இருக்கும் 3எஸ்எம் வரம்பே, அதாவது அனுமதித்த தகைவின் மும்மடங்கே, அதுதான். முனைப்புள்ளியின் பீமில் வீச்சு அதற்குப் பக்கத்தில்கூட வராது.

#7 பழைய_கால்குலேட்டர்

> வீச்சு யீல்டின் இருமடங்குக்குள் இருந்தால் அடங்கும்

பாதிதான் சரி. அந்த வரம்பு முன்னும் பின்னுமாக யீல்டு ஆவதை, அதாவது கம்பியை வளைத்து நிமிர்த்தி வளைத்து ஒடிப்பது போன்ற கேட்டைத் தடுக்கும். ஒரே பக்கம் நகர்வதைத் தடுக்காது. மேலே எஞ்சியவன் போட்ட இரண்டாவது கணக்கில் வீச்சு 230, இருமடங்கு யீல்டு 500. பாதிகூட இல்லை. இருந்தும் நகர்ந்தது.

வித்தியாசம் நிலைச்சுமையால் வருகிறது. 1967-இல் பிரீ என்பவர் அணு உலை எரிபொருள் குழாய்களுக்காக ஒரு வரைபடம் போட்டார். கிடை அச்சில் மாறாத அழுத்தத் தகைவு, செங்குத்து அச்சில் மாறும் வெப்பத் தகைவு, இரண்டும் யீல்டால் வகுத்தவை. நிலைத்தகைவு யீல்டில் பாதி வரை உங்கள் 2 செல்லும். பாதியைத் தாண்டியதும் எல்லைக்கோடு கீழே இறங்கத் தொடங்கும்: 1-இலிருந்து நிலைத்தகைவைக் கழித்து 4-ஆல் பெருக்குங்கள். நிலைத்தகைவு 0.8 என்றால் மாறும் தகைவுக்கு 0.8 மட்டும்தான் இடம். 2 எங்கே, 0.8 எங்கே. அதே ஏஎஸ்எம்இ விதியில் வெப்ப ராட்செட்டிங்குக்கு என்று தனியாக ஒரு சோதனை வைத்திருப்பதும் இதனால்தான்.

முன்னும் பின்னும் ஆட்டும் சுமைக்குத் திசை கிடையாது. திசையைக் கொடுப்பது நிலைச்சுமை.

#8 சுத்தியல்

சரி, ஒப்புக்கொள்கிறேன். பதினைந்து வருடமாக அந்த 2-ஐ மட்டும் நம்பிக்கொண்டிருந்தேன்.

#9 முனைப்புள்ளி

நன்றி அண்ணா. ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, எங்களிடம் இருப்பது ஒரே கிரேன். இரண்டு ஸ்பேனிலும் ஒரே கணத்தில் உச்ச அடி விழ வழியே இல்லை. இரண்டு, நேற்று இரவு மென்பொருளில் இருநேர்கோட்டுப் பொருள் மாதிரி (யீல்டுக்கு முன் ஒரு நேர்கோடு, பின் சரிவு குறைந்த இன்னொன்று) வைத்து 200 சுற்று ஓட்டினேன். 30 சுற்றுக்குள் அழகாக அடங்கிவிட்டது. படம்கூட எடுத்து வைத்திருக்கிறேன்.

#10 பழைய_கால்குலேட்டர்

முதல் சிக்கலில் நீங்கள் சொல்வது நியாயம், நான் அவசரப்பட்டுவிட்டேன். ஒரு பக்கம் கட்டு ஏற்கெனவே அமைதியாக உட்கார்ந்திருக்கிறது, மறுபக்கம் அடி விழுகிறது என்பதுதான் மோசமான நிலை. அப்போது தாங்கிக்கு 1.5 + 2 + 4 = 7.5 என்ற சுமைதான் கணக்கு, 9.5 இல்லை. மறுபடி போட்டால் எல்லை 4.125. உங்கள் 4 உள்ளே வந்துவிடுகிறது, மயிரிழையில். அப்படியானால் என் விளக்கப்படி பீம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. யோசிக்கிறேன்.

இரண்டாவதில் மென்பொருளை நம்பாதீர்கள். பொருளை நகரும் யீல்டு வகையாகவா (யீல்டு ஆக ஆக யீல்டு எல்லையே இடம் மாறுவது) வைத்தீர்கள், நேர்கோட்டு இறுக்கத்தோடு?

#11 முனைப்புள்ளி

ஆமாம், அதில் தானாகவே அப்படித்தான் இருந்தது.

#12 எஞ்சியவன்

அதுதான் பொறி. நேர்கோட்டில் வரம்பே இல்லாமல் இறுகிக்கொண்டு போகும் பொருள் ஒருபோதும் ராட்செட் ஆகாது. அந்த மாதிரியின் கணிதமே அதற்கு இடம் தராது. கடைசியில் அடங்கும், இல்லாவிட்டால் ஒரே வளையத்தில் முன்னும் பின்னும் ஓடும். ஆகவே உங்கள் படம் பீமைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த மெனுவைப் பற்றித்தான் சொல்கிறது.

இறுக்கமே இல்லாத முழு பிளாஸ்டிக் மாதிரியில் ஒருமுறை ஓட்டுங்கள். அது கொஞ்சம் பயமுறுத்தும், ஆனால் பாதுகாப்பான பக்கம். இரண்டுக்கும் நடுவே இறுக்கம் ஒரு கட்டத்தில் தேய்ந்து நிற்கும் மாதிரிகள் உண்டு. 1966-இல் ஆம்ஸ்ட்ராங்கும் ஃப்ரெடெரிக்கும் கொடுத்தது அப்படிப்பட்டது, ஆனால் அது நகர்வை நிஜத்தைவிடக் கூடுதலாகவே காட்டும். ஷபோஷ் அதைப் பல துண்டுகளாகச் சேர்த்துப் பழக்கினார். உண்மையான எஃகின் சுற்றுச் சோதனைத் தரவு கையில் இல்லாமல் அதில் இறங்கினால் எண்களை வைத்து விளையாடுவதாகத்தான் முடியும்.

#13 அலைவுநேரம்

தாமதமாக வருகிறேன். இதுவரை எல்லாரும் அடியை ஒரு பெரிய நிலைச்சுமை போலவே நடத்துகிறீர்கள். அடி என்றால் நிறையும் நேரமும் உண்டு, அதைப் பேசாமல் 4-உம் 4.125-உம் என்று அடித்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

முனைப்புள்ளி, அந்த 2 என்ற பெருக்கு எங்கிருந்து வந்தது? கட்டு பீமைத் தொட்டபடி, உயரமே இல்லாமல், கயிறு சட்டென்று விடப்பட்டால் 2. சற்று உயரத்திலிருந்து விழுந்தால் பீமின் நிறையை மறந்துவிட்டுச் செய்யும் பழைய ஆற்றல் கணக்கு இது: உயரத்தின் இருமடங்கை நிலைத்தொய்வால் வகுத்து, 1-ஐக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, மறுபடி 1-ஐக் கூட்டுங்கள். ஒரு கட்டு அமைதியாக உட்கார்ந்தால் பீம் எவ்வளவு தொய்கிறது?

#14 முனைப்புள்ளி

சுமார் 2 மி.மீ.

#15 அலைவுநேரம்

அப்படியானால் 3 மி.மீ. உயரத்திலிருந்து விழுந்தாலே பெருக்கு 3. 2.2 ஆவதற்கு 0.44 மி.மீ. போதும், ஒரு தடித்த அட்டையின் கனம். கிரேன் ஓட்டுநர் எவ்வளவு மென்மையாக வைத்தாலும் அவ்வளவு உயரம் இருக்கும். 2.2 என்றால் அடி 4.4. உங்கள் அண்ணாவின் புதிய எல்லை 4.125. மொத்தம் 5.9, சரிவு 6-ஐ இன்னும் தொடவில்லை. ஒரே கிரேனை வைத்துக்கொண்டே ராட்செட்டிங் வந்துவிடுகிறது.

இப்போது 3 என்றே வைத்துக்கொள்வோம். அடி 6, தொட்டியோடு 7.5. சரிவுச் சுமையைத் தாண்டிவிட்டது, பீம் விழ வேண்டுமே? விழாது. அடி நீடிப்பது ஒரு நொடியின் சிறு பகுதி. அந்த நேரத்துக்குள் பீம் வேகம் எடுக்கும், பிறகு அதன் பிளாஸ்டிக் எதிர்ப்பு பிரேக் பிடித்து நிறுத்தும். முழுக்க விறைப்பான பிளாஸ்டிக் மாதிரியில், ஒரே அளவில் நிற்கும் துடிப்புக்கு, மொத்த நகர்வு அடியின் நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். நேரம் பாதியானால் நகர்வு கால்பங்கு. ஆகவே இயங்குசுமையில் சரிவுச் சுமை ஒரு மதில் கிடையாது, தாண்டலாம், ஒவ்வொரு தாண்டலுக்கும் கொஞ்சம் நிரந்தர வளைவைக் கட்டணமாகக் கட்ட வேண்டும்.

இதில் தொட்டி என்ன செய்கிறது தெரியுமா? பிரேக்கைத் தின்கிறது. பீமின் எதிர்ப்பு 6 என்றால் அதில் 1.5 ஏற்கெனவே தொட்டியைத் தூக்கிப் பிடிக்கவே போய்விட்டது. நிறுத்துவதற்கு மிச்சம் 4.5. போதாக்குறைக்கு, திரும்பும் ஊசலில் பீமை மேலே தள்ள எதுவும் இல்லை, ஆகவே வளைவு ஒருவழிப் பாதை. 1965-இல் நியூமார்க் அணைகளுக்குச் சொன்ன சரிவுக்கட்டை இதே கதை. நிலம் இரண்டு பக்கமும் ஆடும், கட்டை மட்டும் சரிவின் கீழ்ப்பக்கமே நழுவும்.

#16 எஞ்சியவன்

இயங்குசுமைக்கு மெலானின் தேற்றம் செல்லுமா? அதில் நிறையே கிடையாதே.

#17 அலைவுநேரம்

நேரடியாகச் செல்லாது. 1969-இல் செராதினி அதை நீட்டித்தார். வெறும் மீட்சி அமைப்பாக நினைத்து ஓர் அதிர்வு விடையை எடுங்கள், அதன் தொடக்க நிலையை உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். ஏதோ ஒரு கணத்துக்குப் பிறகு அந்த விடையும் மாறாத ஓர் எஞ்சிய தகைவும் சேர்ந்து எப்போதும் யீல்டுக்குள் நிற்குமானால் அடங்கும்.

நடைமுறையில் இது இப்படி முடியும். இரண்டு அடிகளுக்கு நடுவே அதிர்வு முழுக்க நிற்க நேரம் இருந்தால் ஒவ்வொரு அடியும் ஓய்விலிருந்து தொடங்குகிறது, மீட்சி விடை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. அதன் உச்சங்களை எடுத்து மெலான் கணக்கில் போட்டுவிடலாம், அண்ணா செய்தது போல. நிற்பதற்குள் அடுத்த அடி வந்தால் ஊசலோடு ஊசல் சேரும். தணிப்பு 2 விழுக்காடு என்றால் வீச்சு பாதியாக 5, 6 அலைவு ஆகும். கம்பிக் கட்டுக்கு இது பிரச்சினை இல்லை, நிமிடக் கணக்கில் இடைவெளி இருக்கும். துடிப்புப் பம்ப், அழுத்து இயந்திரம் போன்றவற்றின் அடியில் இருக்கும் சட்டகத்துக்கு நிச்சயம் பிரச்சினை. ஒத்ததிர்வில் 2 விழுக்காடு தணிப்புக்கு மீட்சிப் பெருக்கு 25. அந்த எண்ணை வைத்து அடங்கல் தேடினால் எதுவும் தேறாது.

இன்னொன்று, வேகமான இழுவையில் மென் எஃகின் யீல்டு ஏறும். திரிபு வேகத்தால் யீல்டு ஏறுவதைக் கணக்கிடும் கௌப்பர்-சைமண்ட்ஸ் வாய்ப்பாட்டின் வழக்கமான மாறிலிகளோடு நொடிக்கு 1 என்ற திரிபு வேகத்தில் ஏறத்தாழ 48 விழுக்காடு கூடுதல். கேட்க இனிமையாக இருக்கும். கட்டு இறக்கும் பீமில் அந்த வேகம் வராது, அதை நம்பி எல்லையைத் தூக்காதீர்கள்.

#18 சுத்தியல்

ஒரு சந்தேகம். தாங்கி ஒரு முனையில் மட்டும் உள்ள கான்டிலீவர் என்றால்?

#19 பழைய_கால்குலேட்டர்

அதற்கு எஞ்சிய மொமெண்ட் வைத்துக்கொள்ள இடமே இல்லை. கூடுதல் தாங்கி இருந்தால்தானே உள்ளுக்குள் இழுபறி நிற்கும். கீல் திறக்கும் அளவுக்கு மொமெண்ட் போனால் ஒவ்வொரு அடிக்கும் நகரும், அடங்கல் என்ற பேச்சே கிடையாது. நிலைச்சுமை 0.6, அடி 0.5 என்றால் கூட்டி 1.1, அவ்வளவுதான்.

அலைவுநேரத்துக்கு நன்றி, நான் தேடிய ஓட்டை அந்த 0.44 மி.மீ.தான். முனைப்புள்ளி, தொட்டியை நகர்த்த முடியுமா? நடுத்தாங்கிக்கு நேர்மேலே வைத்தால் பீமில் அதன் மொமெண்ட் பூஜ்யம். அப்போது எல்லை 4.125-லிருந்து 5.6-க்கு ஏறும். உங்கள் 4.4 முதல் கீல் திறக்கும் 4.92-க்கே கீழே போய்விடும். வெட்டுவிசைக்கும் தாங்கிச் சுமைக்கும் தனியாகச் சரிபாருங்கள். கட்டு இறங்கும் இடத்தில் மரக்கட்டையோ ரப்பரோ போட்டால் நிலைத்தொய்வுக்கு ஈடான அளவு கூடும், பெருக்கு குறையும்.

அப்புறம், அடங்கிவிட்டது என்றால் பிளாஸ்டிக் ஓட்டம் நின்றது என்று மட்டும்தான் அர்த்தம். நிற்பதற்குள் எவ்வளவு தொய்யும் என்று மெலான் சொல்லமாட்டார். வெல்டு ஓரத்துக் களைப்பு விரிசலையும் அவர் பார்க்கமாட்டார். பெயிண்ட் உதிர்ந்த இரண்டு இடங்களிலும் சாயச் சோதனை (சாயம் ஊடுருவிக் கீறலைக் காட்டும் சோதனை) செய்துவிடுங்கள்.

#20 முனைப்புள்ளி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தொட்டியைத் தாங்கிக்கு மேல் மாற்றிவிட்டோம். கட்டு இறங்கும் இடங்களில் கனமான ரப்பர் விரிப்பு. சாயச் சோதனையில் தாங்கிக்கு மேலே ஒரு வெல்டு முனையில் 4 மி.மீ. கீறல் இருந்தது, தேய்த்து மறுபடி வெல்டு வைத்தார்கள். மாற்றிய அன்று தொய்வு 6.6. 40 கட்டு இறங்கிவிட்டது, இன்றும் 6.6.

#21 பழைய_கால்குலேட்டர்

முன்பு 50 கட்டுக்கு 0.9 போனது. 40-ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது. 200 தாண்டட்டும், அதே இடத்தில், அதே கருவியில், தொட்டியில் அதே அளவு தண்ணீரோடு அளந்து போடுங்கள்.

#22 சுத்தியல்

தண்ணீர் அளவைக் குறித்து வைத்தீர்களா?

#23 முனைப்புள்ளி

இல்லை அண்ணா. இன்றிலிருந்து குறிக்கிறேன்.